சாமிக்குப் படைத்த கள்ளு

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதற்கு நான் பதில் சொல்லவில்லை. "செரி, பாக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். பேச்சில் எனக்கு எப்போதும் தோல்விதான். எதிரில் இருப்பவர் குரலை உயர்த்தினால் எழுந்து போய்விடுவேன். நான் உயர்த்தினால் சொல்ல வந்தது மறந்துவிடும். அதனால் எழுதுகிறேன். கல்யாணம் முடிந்த கையோடு பொள்ளாச்சி வேலையை விட்டுவிட்டு, கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணையும் கூட்டிக்கொண்டு கோவிந்தாபுரத்துக்கே வந்துவிடுவதாகச் சொன்னாய். தோப்பை இனி நீயே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னாய். நான் சும்மா இருந்தேன். ஏன் சும்மா இருக்கிறேன் என்று உனக்குப் புரிந்துவிட்டது. "கள்ளப் பத்தி யோசிக்கறீங்ளா? எனக்குப் பிரச்சினை மாத்திரைங்ப்பா. அதை உட்டாச்சு. கள்ளெல்லாம் அதுல சேராது. எப்பவாச்சும் ஒரு டம்ளர் குடிச்சா என்ன ஆயிரப்போகுது? நீங்களே சொன்னதுதானுங்க" என்றாய்.

நான் சொன்னதுதான். பத்துப் பேர் முன்னால் சொன்னேன். நீ அதை ஞாபகம் வைத்திருப்பதில் எனக்கு வருத்தமில்லை. இப்போதெல்லாம் எதிலும் பெரிதாக வருத்தம் வருவதில்லை, சாப்பாட்டில் உப்பு இல்லாவிட்டாலும் சாப்பிட்டு எழுந்துவிடுகிறேன். இந்தக் கடிதத்தின் ஒரு பிரதியை, பெயர்களை எடுத்துவிட்டு, ஒரு பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். உனக்குப் பிடிக்காது. ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில், கொல்லங்கோட்டிலிருந்து சித்தூர் வரைக்கும் தென்னந்தோப்பு வைத்திருக்கிற அப்பன்மார் பலருடைய வீட்டுக்குள் உன்னைப்போல ஒரு பையன் இருக்கிறான். அவர்கள் யாரும் வாயைத் திறப்பதில்லை. இன்னொரு காரணமும் உண்டு. உன் பெரியப்பா பத்திரிகை படிப்பார். நான் நேரில் சொன்னால் என் அண்ணன் ஒரு வரிகூடக் கேட்க மாட்டார். அச்சில் வந்தால் வேறு யாரோ என்று நினைத்துப் பாதி வரைக்குமாவது படிப்பார்.

நம் வீட்டில் கள்ளு எப்படி இருந்தது என்பதை வெளியூர்க்காரர்களுக்குப் புரியவைப்பது கடினம். தோப்பில் பாதி மரம் காய்க்கு, பாதி மரம் கள்ளுக்கு. கள்ளு மரங்களைக் குத்தகைக்காரர் எடுத்துக்கொண்டு, ஆள் வைத்து இறக்கி, வண்டியில் ஏற்றி, மேற்கே தூரத்து ஜில்லாக் கடைகளுக்கெல்லாம் அனுப்புவார். வண்டி புறப்படுவதற்கு முன்னால் நம் அடுக்களைத் திண்டில் ஒரு சொம்பு வைத்துவிட்டுப் போவார்கள். பால் வருவதுபோலத்தான் அது வந்தது. கொஞ்சம் ஆப்ப மாவுக்குப் போகும். வெயில் காலத்தில் உனக்கு நீர்க்கடுப்பு வந்தால் உன் அம்மா கால் டம்ளர் கொடுப்பாள். மீதி, மத்தியானச் சோற்றுக்கு முன்னால் எனக்கு. பிராந்தி குடிக்கிறவனைக் குடிகாரன் என்போம், அவனுக்குப் பெண் கொடுக்க யோசிப்போம். கள்ளு குடிக்கிறவனுக்கு நம் ஊரில் பெயரே கிடையாது. அவன் சும்மா ஒரு ஆள்.

இத்தனைக்கும் நான் வேதியியலில் முதுகலை படித்தவன். ஒரு கல்லூரியில் தற்காலிக ஆசிரியனாக, சர்க்கரை நொதித்து எத்தனால் ஆவதை ஒவ்வொரு வருஷமும் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். கள்ளில் இருப்பதும் பிராந்தியில் இருப்பதும் ஒரே பொருள்தான், அளவுதான் வேறு என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னவன் நான்தான். எனக்குப் பின்னால் சேர்ந்தவர்களெல்லாம் அந்தக் கல்லூரியில் நிரந்தரமானார்கள். என்னை மட்டும் ஒவ்வொரு ஜூனிலும் சான்றிதழ்களைத் தூக்கிக்கொண்டு புதிதாக நேர்முகத்துக்கு வரச்சொன்னார்கள். ஒரு ஜூனில் நான் போகவில்லை. யாரும் ஏன் வரவில்லை என்று கேட்கவும் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோப்பில் நின்ற முதல் நாள் உன் பெரியப்பா வரப்பிலிருந்து, "என்னடா வாத்தி, மரத்துக்கு ஏ பி சி டி சொல்லித் தரப்போறியா?" என்று கேட்டார். அதை நான் மறக்கவில்லை. மறக்கவேண்டிய அவசியமும் தெரியவில்லை. நான் சொல்ல வந்தது வேறு. படிப்பு என்பது வகுப்பறைக் கதவு வரைக்கும்தான் என்னோடு வந்தது. வீட்டுச் சொம்புக்கும் கரும்பலகைக்கும் நடுவில் ஒரு சுவர் இருந்தது. அதைக் கட்டியது யார் என்று எனக்குத் தெரியாது. நான் அதில் சாய்ந்து உட்கார்ந்து சோறு சாப்பிட்டேன்.

உன்னை முதல் தடவை பாலக்காட்டுப் போதை மீட்பு மையத்தில் சேர்த்தபோது, வாசல் பலகையில் மலையாளத்தில் லஹரி விமுக்தி, அதாவது போதை விடுதலை, என்று எழுதியிருந்தது. லஹரி என்றால் அவர்களுக்குச் சாராயமும் அதுதான், கஞ்சாவும் அதுதான், நீ விழுங்கிய வலி மாத்திரையும் அதுதான். அதை வாசித்துக்கொண்டேதான் உள்ளே போனேன். குடும்பத்தாரை ஒரு நாள் வட்டமாக உட்காரவைத்துப் பேசினார்கள். கவுன்சிலர் அம்மா சித்தூர்ப் பக்கம். நம் பேச்சுத்தான் பேசினார். "ஊட்டுல யாராச்சும் குடிக்கற பழக்கம் உண்டுங்ளா?" என்று கேட்டார்.

"எங்கூட்டுல அந்தப் பழக்கமே கெடையாதுங்க" என்றேன். உன் அம்மாவும் தலையாட்டினாள். நாங்கள் பொய் சொல்லவில்லை.

"தோப்பு இருக்குதுங்ளா?"

"இருக்குதுங்க."

"கள்ளுக்கு உட்டிருக்கறீங்ளா?"

"பாதி உட்டிருக்குதுங்க."

"ஊட்டுக்கு வருமுங்ளா?"

"வருமுங்க. தெனமும் ஒரு சொம்பு."

"அதை என்ன பண்ணுவீங்க?"

"குடிப்பமுங்க."

வட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாவும் வாயில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். நீ மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "நான் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரிங்க" என்றேன், எதற்குச் சொன்னேன் என்று தெரியாமல். "அப்ப நான் புதுசா ஒண்ணும் சொல்லித்தர வேண்டியதில்லைங்க சார். உங்க பையனுக்கு இனிமேல் கள்ளும் டிரக்குத்தான், பீரும் டிரக்குத்தான். மாத்திரையை நிறுத்திட்டு இதைக் குடிச்சுக்கலாம்னு ஒரு வழி கெடையாதுங்க" என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் உன் அம்மாவிடம், "அந்தம்மாளுக்கு வெத்தலை பாக்கும் டிரக்கா இருக்கும்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கு அந்த அம்மாவின் மேல் இன்றைக்கும் கோபம் இருக்கிறது. அவர் சொன்னது சரி என்று ஆன பிறகும் போகவில்லை. சரியாகச் சொன்னதால்தான் போகவில்லையோ என்னவோ.

நீ உள்ளே இருந்த நாட்களில் நானும் உன் அம்மாவும் தோப்புக் கோடியில் இருக்கிற கருப்பனுக்கு வேண்டிக்கொண்டோம். பையன் மீண்டு வந்தால் கெடா வெட்டிப் படைக்கிறோம் என்று. நீ மீண்டு வந்தாய். கன்னத்தில் சதை வைத்தது, இரண்டாம் தடவை சோறு கேட்டாய், காலையில் எழுந்து தண்ணீர் பாய்ச்சினாய். உன் அம்மா உன் தட்டைக் கழுவும்போது பாடியது எனக்கு நினைவிருக்கிறது. வேண்டுதலை முடிக்க நாள் குறித்தோம். கருப்பனுக்குக் கெடாவும் சுருட்டும் மட்டும் போதாது, கள்ளும் வைக்கவேண்டும். அது நாம் கண்டுபிடித்த வழக்கமில்லை, நம் அப்பன் பாட்டன் காலத்து வழக்கம். நம் மரத்துக் கள்ளையே ஒரு பானை இறக்கி வைத்தோம். போதையிலிருந்து ஒரு பையனை மீட்டுக் கொடுத்ததற்கு நன்றியாக அந்தச் சாமிக்கு முன்னால் நாங்கள் கொண்டுபோய் வைத்தது அது. அங்கே நின்ற அத்தனை பேரில் ஒருவருக்கும் அது விபரீதமாகப் படவில்லை. எனக்கும் படவில்லை.

பூசாரி படையலை முடித்து, பானையிலிருந்து மொண்டு, ஒவ்வொருவர் கையிலும் தீர்த்தமாக ஊற்றிக்கொண்டு வந்தார். உன்னிடம் வந்ததும் நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டாய்.

"ஏன் கண்ணு, சாமியே குடிச்சுட்டுத்தான் நிக்கறாரு. உனக்கென்ன?" என்றார் உன் பெரியப்பா.

"அந்தம்மா வேண்டாம்னு சொல்லியிருக்குதுங்க பெரிப்பா."

"எந்தம்மா? உன்னையப் பெத்தவளா?"

"இல்லீங்க. பாலக்காட்டுல."

"ஓகோ. அப்ப கருப்பனையும் கூட்டிட்டுப் போயி அங்கயே சேத்துருவமா? நாலு மாசத்துல மாத்திப் போடுவாங்ளாட்ட இருக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். பூசாரி சொம்பைச் சாய்த்தபடியே நின்றார். நீ என்னைப் பார்த்து "அப்பா?" என்றாய். உன் வயதுக்கு அது சின்னப் பையன் குரலாக இருந்தது. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். பெரியப்பா இடுப்பில் கை வைத்து, வாத்தி என்ன சொல்லப்போகிறான் என்று நின்றார். நான், "சாமிதுடா. இது அந்தக் கணக்குல வராது. வாங்கிக்க" என்றேன். நீ கையை நீட்டினாய்.

அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை நான் எழுதித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் நீயும் இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாய். உள்ளங்கைத் தீர்த்தத்துக்குப் பிறகு பந்தியில் உன் பங்காளிகளோடு இரண்டு டம்ளர் குடித்தாய். சிரித்துப் பேசினாய், கறியும் சோறும் சாப்பிட்டாய், மறுநாள் எழுந்து மோட்டார் போட்டாய். நான் மனதுக்குள் ஜெயித்துவிட்டேன். அந்த அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். அப்புறம் வீட்டுச் சொம்பில் உனக்கும் ஒரு பங்கு வந்தது. நானே ஊற்றிக் கொடுத்தேன். பையன் மாத்திரை பக்கம் போகாமல் இருக்கிறானே, இது எவ்வளவோ மேல் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அப்புறம் ரோட்டுக் கள்ளுக்கடை. அப்புறம் எல்லைக்கு அந்தப் பக்கம் போய் பிராந்தி. ஒரு மத்தியானம் மோட்டார் ரூமுக்குப் பின்னால் நீ சுருண்டு கிடந்தாய். உன் உதட்டின் நிறம் மாறியிருந்தது. பக்கத்தில் மாத்திரை அட்டை கிடந்தது.

பிக்கப்பின் பின்னால் உன்னைப் போட்டுக்கொண்டு பொள்ளாச்சிக்கு ஓட்டினேன். உன் அம்மா உன் கன்னத்தில் தட்டிக்கொண்டே வந்தாள். எல்லைச் சாவடியில் நிறுத்தினார்கள். அந்தப் பக்கம் தமிழ்நாடு, கள்ளுக்குத் தடை அல்லவா. ஒரு போலீஸ்காரர் தார்ப்பாயைத் தூக்கி, கள்ளு கேன் எதுவும் இருக்கிறதா என்று பார்த்தார். உன்னைப் பார்த்ததும் கையைக் காட்டி அனுப்பிவிட்டார். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அழுகை வரும் என்று பயந்திருந்தேன். இப்போது எழுதும்போது ஒன்றும் வரவில்லை.

உன் வாதத்துக்கு வருகிறேன். நீ முட்டாளில்லை, உன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அரசாங்கமே கடை வைத்து விற்கிறது, வரிசையில் நின்று வாங்குகிறார்கள், அதை டிரக் என்றால் பாதி நாடு உள்ளே இருக்கவேண்டும் என்பாய். பெரியப்பா வாலிபத்திலிருந்து தினமும் குடிக்கிறார், இந்த வயதிலும் வரப்பில் என்னைவிட வேகமாக நடக்கிறார் என்பாய். உண்மை. ஊருக்குக் கள்ளு என்ன என்பதைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் எதுவும் இல்லை. நான் மதுவிலக்கு மேடையில் ஏறப்போகிறவன் இல்லை. எல்லை போட்டவர்கள்கூட அதைப் பற்றி ஒத்துப்போகவில்லை. இந்தப் பக்கம் மரத்தில் ஏறுவது தொழில், அந்தப் பக்கம் அதே மரத்தில் ஏறினால் குற்றம். சட்டம் ஒரு பொருளுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறது என்பது உன் உடம்புக்குத் தெரியாது. மீளப் பார்க்கிற ஒருவன் கேட்கவேண்டியது ஒன்றுதான்: இதைத் தொட்ட பிறகு எனக்கு நிறுத்தத் தெரிகிறதா?

கள்ளு உன்னைக் கையைப் பிடித்து மாத்திரையிடம் கூட்டிப்போனது என்று நான் சொல்லவில்லை. அப்படி நேராக எதுவும் நடப்பதில்லை. நீ மாத்திரையை விட்டுவிட்டு வந்தபோது உனக்குள் ஒருவன் காவல் நின்றுகொண்டிருந்தான். வேண்டாம், வேண்டாம் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டு, தூங்காமல் நின்றான். கள்ளு அவனுக்கு ஒரு நாற்காலி போட்டது. அவ்வளவுதான் செய்தது. உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. பெரியப்பாவுக்குள் அப்படி ஒருவன் நிற்கவேண்டிய தேவையே இல்லை. அதனால் அவர் குடிக்கலாம், நீ குடிக்கக் கூடாது. இது அநியாயம்தான். அவருக்குக் கொடுத்ததை உனக்கு ஏன் கொடுக்கவில்லை என்று கேட்க நானும் இடம் தேடினேன். அப்படி ஒரு அலுவலகம் எங்கேயும் இல்லை.

இரண்டாம் தடவை சேர்ந்து, வெளியே வந்து, இத்தனை நாள் பொள்ளாச்சியில் வாடகை அறையில் இருந்துகொண்டு எதையும் தொடாமல் இருக்கிறாய். அந்தப் பெண்ணிடம் மாத்திரை விஷயத்தை முதலிலேயே சொன்னாய் என்று கேள்விப்பட்டபோது, என்னிடம் இல்லாத நல்லது ஏதோ உன்னிடம் இருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் கள்ளைப் பற்றிச் சொல்லியிருக்க மாட்டாய். அதை நீ விஷயமாகவே நினைக்கவில்லை. போன வாரம் பெரியப்பா வந்தார். "கல்யாணம் முடிஞ்ச வாரமே கருப்பனுக்கு ரெண்டு கெடா. பொண்ணு மாப்பள கையாலதான் படைக்கோணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாசல் வரைக்கும் கூடப் போய் அனுப்பிவைத்தேன்.

நம் மரங்களையாவது நிறுத்தலாம் என்று யோசித்தேன். வெள்ளை ஈ வந்த பிறகு காய் மரங்கள் பாதி காய்ப்புத்தான். கள்ளு இல்லாவிட்டால் தோப்பு நிற்காது. சரி, நிற்காவிட்டால் போகட்டும் என்று நிறுத்தினாலும், வரப்புக்கு அந்தப் பக்கம் அண்ணன் தோப்பு. வேலிகூடக் கிடையாது. அதற்கு அப்பால் ரோட்டுக் கடை. அதற்கு அப்பால் ஒவ்வொரு கல்யாண வீட்டின் பின்கட்டும். இதெல்லாம்கூடப் பெரிதில்லை. உண்மையான காரணம் வேறு. பூசாரி மறுபடியும் உன் முன்னால் வந்து நின்று, எல்லோரும் மறுபடியும் என் வாயைப் பார்த்தால், நான் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியாது. நான் இப்போது குடிப்பதில்லை. அது உனக்காக அல்ல, வாயில் ருசி போய்விட்டது. குடிக்காதவன் என்பதால் தைரியசாலி ஆகிவிடவில்லை. அண்ணன் சிரித்தால் எனக்கு இன்றைக்கும் முதுகு கூசுகிறது. பத்துப் பேர் சிரிப்புக்குப் பயந்து உன்னை விட்டுக்கொடுத்தவன் நான். அப்படிப்பட்டவனை நம்பி இங்கே வராதே.

அதனால் சொல்கிறேன். கல்யாணத்தை அங்கேயே மண்டபத்தில் வைத்துக்கொள். நான் வருவேன், பந்தியில் நின்று பரிமாறுவேன். உங்களைப் பார்க்க பஸ் ஏறி வருவேன். நீங்கள் இங்கே குடிவர வேண்டாம். தோப்பு எனக்குப் பின்னால் யாருக்கு என்ற கேள்வியை என் பெரிய கவலையாக எண்ணியிருந்தேன். அது அவ்வளவு பெரிய கேள்வி இல்லை என்று ஆகிவிட்டது. நீ உயிரோடு பொள்ளாச்சியில் இருப்பது எனக்குப் போதும். இதை நான் அன்பாகச் சொல்கிறேனா, அலுப்பில் சொல்கிறேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மேற்கு அறைக்கு உன் அம்மா வெள்ளையடித்து வைத்திருந்தாள். உங்கள் இருவருக்கும் புது மெத்தை தைக்கக் கொடுத்திருக்கிறாள். நேற்று ஆட்களை விட்டு, இந்த வெட்டில் இறக்கிய தேங்காய் முழுவதையும் அந்த அறைக்குள் கொட்டச்சொன்னேன். ஜன்னல் மட்டத்துக்கு நிற்கிறது. அவள் நிலைப்படியில் நின்று பார்த்தாள். "களம் காலியாத்தான கெடக்குது. இங்க கொண்டாந்து போட்டா அவிய ரெண்டு பேரும் எங்கீங்க படுப்பாங்க?" என்று கேட்டாள். நான் வெளியே வந்துவிட்டேன். நான் சொன்னால் அது அப்பனின் பழைய கோபமாகத்தான் அவள் காதில் விழும். நீ போன் பண்ணிச் சொல். வேலை, சம்பளம், அந்தப் பெண்ணுக்கு ஊர் பிடிக்கவில்லை என்று எதையாவது இட்டுக்கட்டாதே. "கள்ளும் எனக்கு அந்த மாத்திரைதாம்மா, அதனால அங்க வந்து இருக்க முடியாது" என்று, உன் வாயால் சொல். அவள் அழுவாள். நான் களத்தில் இருப்பேன். அந்தச் சத்தம் கேட்டால், நீ சொல்லிவிட்டாய் என்று தெரிந்துகொள்வேன்.